சிங்கம் வேணுமா, சுறா வேணுமா?

"குருவே, ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பணும். என் கணக்கு சரியான்னு சொல்லுங்க."

கேட்டவன் மதியழகன். ஒரு கால்பந்துக் குழுவுக்கு ஆள் பொறுக்கிக் கொடுப்பவன். அந்த லீக்கில் ஏலம் கிடையாது. குழுக்கள் முறை வைத்து, சுற்றுக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

குரு என்றதும் தாடி, கமண்டலம் என்று போய்விடாதீர்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் ரெஜினாதான். அவனோடு ஒரே தெருவில் பந்து உதைத்தவள்.

"பணிவு பலமா இருக்கே. யாருடா அந்தப் பையன்?"

மதி தொண்டையைச் செருமி, முதலாளியின் கட்டைக்குரலை எடுத்தான். "'மிஸ்டர் மதி! கடைசிச் சுற்றுல எடுத்தியே இன்பராஜ், அவன் தண்டம்யா! அனுப்பிடலாமா?'"

"அப்படியே அந்தாளுதான். நீ என்ன சொன்னே?"

"கணக்குப் போட்டுச் சொல்றேன்னேன். போட்டுட்டேன். முதல் சுற்றுல எடுத்தவனுங்க கோலா அடிச்சுத் தள்ளியிருக்கானுங்க. கடைசிச் சுற்றுப் பசங்க முட்டை. என் கண்ணு தப்பலை. இன்பராஜ்தான் பாவம், இருந்த வேலையை விட்டுட்டு வந்தான்."

ரெஜினா எழுந்து போனாள். வராந்தாவில் நடந்துகொண்டிருந்த இயற்பியல் ஆசிரியை சகுந்தலாவின் தோளில் கைபோட்டாள். அலமாரிக்குப் பின்னால் இழுத்துப் போய்க் காதில் ஏதோ ஓதினாள்.

இருவரும் தோளோடு தோளாக மதியின் முன் வந்து நின்றார்கள்.

"சிங்கம் வேணுமா, சுறா வேணுமா?"

மதிக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் முகமெல்லாம் பல்.

உத்தி! எத்தனை வருஷமாச்சு!

இரண்டு பேர் லாரி ஷெட்டுக்குப் பின்னால் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். எது யார் பெயர் என்று குழுத் தலைவனுக்குத் தெரியாது. ஒரு பெயரைக் கேட்பான். அந்த ஆள் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம்.

தார் உருகும் தெரு. இரண்டு செங்கல் வைத்தால் கோல்போஸ்ட். மாடியிலிருந்து எசக்கியல் தாத்தா, "கண்ணாடி ஒடைஞ்சுது, காலை ஒடைப்பேன்!" என்று கூவினால், அதே குரலில் கீழிருந்து பத்து எசக்கியல்கள் திருப்பிக் கூவுவார்கள்.

"சுறா!" என்றான் மதி.

சகுந்தலா மிடுக்காக நடந்து அவன் பக்கம் வந்து நின்றார். "நான்தான் சார்."

ரெஜினா கேட்டாள். "அப்பல்லாம் சுறான்னு கேட்டு, ஒல்லி பிரான்சிஸ் வந்து நின்னா என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது? கத்திக் கத்தி ஆட வைக்கிறதுதான். தெருவுல ஏது பெஞ்சு? ஆனா பிரான்சிஸ் ஒரு தடவை மார்க்கெட் தெருப் பசங்களைச் சுத்தி சுத்தி அடிச்சானே, ஞாபகமிருக்கா? தூக்கிட்டே வந்தோம்!"

"இருக்கு. இன்பராஜ் எவ்வளவு நேரம் ஆடினான்?"

"அவன் எங்கே ஆடினான்? முதல் சுற்று ஆளுங்க இருக்கும்போது அவனை யாரு எறக்குவா?"

"எத்தனை கோல்?"

"லூசாடி நீ? பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கிறவன் எப்படிக் கோல்..."

மதி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேசையில் போன் துள்ளியது. முதலாளி.

"என்னய்யா, அனுப்பிடலாமா?"

மதி ரெஜினாவைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை அவன் முழு ஆட்டம் எறங்குறான் சார். அதுக்கப்புறம் கேளுங்க."