சுண்டைக்காய் அளவு

வைரவன் கொடுக்கும் மருந்து கசக்காது. அதனால் சுற்றுப்பட்டு ஊர்களில் அவருக்கு மிட்டாய் வைத்தியர் என்று பேர். அந்தப் பேரைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பொய் சொல்வானேன்.

ஒரு நாள் மதியம் அவர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் குரு குப்பண்ண வைத்தியரிடம் வந்தார். பெட்டியைக் குருவின் முன்னால் வைத்தார்.

"இதை வச்சுக்குங்க ஐயா. இனிமே எனக்கு வேணாம்."

"என்ன ஆச்சு?"

"இருமலுக்கு லேகியம் குடுத்தேன். மூணு வயசுப் பொண்ணு, செவ்வந்தின்னு பேரு. வேளைக்குச் சுண்டைக்காய் அளவுதான்னு அவ அம்மாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவளும் அளவு தப்பாமதான் குடுத்திருக்கா. மிட்டாய் தர்றேன் வாடின்னு கூப்பிட்டுக் குடுத்திருக்கா."

"சரி."

"அவ தண்ணிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பிள்ளை லேகிய டப்பியை எடுத்து மொத்தத்தையும் வழிச்சுத் தின்னுடுச்சு. நான் போறப்ப உயிர் இல்லை. உதட்டுல லேகியம் காயாம இருந்துச்சு."

வைரவன் வாய்விட்டு அழுதார். குரு தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை, தேற்ற என்ன இருக்கிறது.

"அளவைச் சொன்னேன். கைக்கு எட்டாம வைன்னு சொல்லலை. கற்கண்டு போட்டதும் நான்தான். நீங்க அப்பவே வேணாம்னீங்க. கசந்திருந்தா தொட்டிருக்குமா ஐயா?"

"தொட்டிருக்காது."

"உங்க கையில ஒரு பிள்ளையும் போனதில்லை."

"போயிருக்கு."

வைரவன் நிமிர்ந்து பார்த்தார்.

"கசப்பு மருந்துதான். பிள்ளை துப்பிடுச்சு. எவ்வளவு உள்ளே போச்சுன்னு தெரியாம அவ அம்மா மறுபடி குடுத்தா. அதையும் துப்புச்சு. திரும்பவும் குடுத்திருக்கா."

"இத்தனை வருஷத்துல இதை நீங்க சொன்னதே இல்லையே."

"வாய் வரலை."

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"மருந்தை வீட்டுக்குக் குடுக்கறதை நிறுத்தினேன். வேளைக்கு வேளை பிள்ளையைத் தூக்கிட்டு வாங்கன்னேன். பக்கத்துல இருந்தவங்க வந்தாங்க. மலைமேல இருந்தவங்களால முடியலை. அதுலயும் ரெண்டு பிள்ளைங்க போச்சு."

வைரவன் பெட்டியை வெறித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எப்படித்தான் குடுக்கறது ஐயா? இப்ப நீங்க எப்படிக் குடுக்கறீங்க?"

"காலையில ஒரு பிள்ளைக்கு வீட்டுக்கு மருந்து குடுத்தனுப்பினேன்," என்றார் குரு. "அப்போலேருந்து வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."