அசையாதவரைத் தூக்கிக்கிட்டு நடந்த கூட்டம்

ஒரு ஊர்ல ஒரு... ஊர்னா சொன்னேன்? தப்பு. ஊரே கிடையாது அப்போ. ஊர்னு ஒண்ணு வேணும்னு யாருக்கும் தோணாத காலம் அது. வீடு இல்ல, வாசல் இல்ல, இப்படி இழுத்துப் போத்திக்கப் போர்வையும் இல்ல. ஆகாசத்துல நிலா மட்டும் ரெண்டு. பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. பகல்லயே தெரியும். எங்க, "ம்" கொட்டு.

ம்.

அப்போ ஒரு கூட்டம் நடந்துக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா வருஷா வருஷம் தெக்கேருந்து செங்காத்து வரும். ஹோ...ன்னு வரும். பட்ட எடத்துல புல்லு பொசுங்கிடும், ஆளும் பொசுங்கிடுவான். அதுக்கு முன்னாடி வடக்க இருக்கற பெரிய ஏரிக்குப் போய்ச் சேந்துடணும். காத்து அடங்கினதும் திரும்பி வரணும். இதான் அவங்க பொழப்பு.

உசுருக்குப் பயந்து ஓடறவன் கை வீசி ஓடணுமா இல்லையா? இவங்க ஒரு பாறாங்கல்லைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. எருமை படுத்தா எவ்வளவு பெருசு, அவ்வளவு பெருசு கல்லு. கழி கட்டி, பதினாறு ஆம்பளைங்க தோள் குடுத்து, "ஹும்... ஹும்..."னு தூக்குவாங்க. அந்தக் கல்லுக்கு என்ன பேரு வச்சிருந்தாங்க தெரியுமா? அசையாதவர்!

சிரிக்காதே, அவங்க காதுல விழுந்தா சண்டைக்கு வந்துடுவாங்க. எதுக்குத் தூக்கறீங்கன்னு கேட்டா, "எங்க பூட்டன் ஒருநாள் மழைக்கு இதுக்கு அடியில ஒதுங்கினாரு"ம்பாங்க. அவ்வளவுதான் காரணம். நல்லவேளை, அந்த ஆளு மலைக்கு அடியில ஒதுங்கல.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் உறுமன். எதுக்கெடுத்தாலும் உறுமுவான், வேற வேலை தெரியாது. கல்லு பேசறதைக் கேட்டுச் சொல்றதுக்குன்னே இன்னொருத்தன் இருந்தான், முணுக்கன்னு. கல்லு மேல காதை வச்சு, கண்ணை மூடி, "ம்ம்... ஓகோ... அப்படியா"ம்பான். கல்லுக்கு எப்பவும் முணுக்கனுக்குப் புடிச்சதுதான் புடிக்கும். என்ன ஒத்துமை பாரு.

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. நடக்க முடியாதவங்களைத் தூக்கக் கூடாது. தோளெல்லாம் கல்லுக்குத்தான். அதனால காலு போனவங்களை ஒரு மரத்தடியில உக்கார வச்சு, நாலு கிழங்கைக் கையில குடுத்து, "அசையாதவர் பாத்துக்குவாரு"ன்னு சொல்லிட்டு, அவரையும் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க.

இப்போ நம்ம ஈச்சிக்கு வருவோம். ஒல்லியா இருப்பா, வாய் மட்டும் பெருசு. அவ புருஷன் வேங்கன் கல்லு தூக்கற பதினாறு பேர்ல ஒருத்தன், முன்மூலைக்காரன். ஒருநாள் எறக்கத்துல சறுக்கிட்டான். தொபுக்கடீர்! கல்லு கால் மேல. மளுக்!

"ஐயோ, எலும்பு போச்சே!"ன்னு ஓடி வந்தா ஈச்சி.

அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றான், "அவரே என் மேல எறங்கியிருக்காருடி. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?"

"செங்காத்து நெருங்குது. இங்க ரெண்டு நாள் எளைப்பாறிட்டு மூணாம் நாளு கெளம்பிடுவாங்க. உன்னை இங்கயே விட்டுட்டுப் போகப்போறாங்க. அந்தப் பாக்கியமும் வேணுமா?"

அவன் கல்லைப் பாத்துக் கும்பிட்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. முட்டாள்தான், ஆனா அவ புருஷனாச்சே.

நேரா உறுமன்கிட்ட போனா. "ரெண்டே ரெண்டு ஆளைக் குடுங்க. இவரைத் தூக்கிக்கிட்டு வந்துடறோம்."

உறுமன் உறுமினான். முணுக்கன் கல்லுல காதை வச்சான். "ஓகோ... அப்படியா... தேன் கேக்குறாரு புள்ள. மலைத்தேன்."

அந்த ஊர்த் தேனீ... சரி, அந்தக் காட்டுத் தேனீ ஒவ்வொண்ணும் பூனை அளவு இருக்கும். ஈச்சி உடம்பெல்லாம் சேத்தைப் பூசிக்கிட்டு மலை ஏறினா. கொய்ங்ங்ங்! கொட்டு வாங்கி மூஞ்சி பூசணிக்காயா வீங்கிப்போச்சு. அப்படியும் ஒரு சுரைக்குடுக்கை நெறைய தேன் கொண்டுவந்தா. முணுக்கன் கல்லுக்கு ஒரு சொட்டு தடவினான். மிச்சத்தைத் தான் தடவிக்கிட்டான், நாக்குல. அப்புறம் காதை வச்சுக் கேட்டான். "பத்தலையாம். மயிர்யானையோட வால்மயிர் வேணுமாம்."

ம்... தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் ரெண்டாம் நாளு, மயிர்யானை தூங்கற பள்ளத்துக்குப் போனா. அது குறட்டை விடுது, கொர்ர்ர்... கொர்ர்ர்... மூச்சு விடும்போது செடியெல்லாம் சாயுது. ஈச்சி பின்னாடி தவழ்ந்து போய் ஒரு கொத்தைப் புடிச்சா. வெடுக்! யானை எந்திரிச்சுது. திபுதிபுதிபுன்னு ஓடி வந்தா பாரு, மூச்சு எங்கயோ, ஈச்சி எங்கயோ. முணுக்கன் அந்த மயிரை வாங்கித் தன் இடுப்புல கட்டிக்கிட்டான். "அழகா இருக்குன்னு சொல்றாரு."

"யாரு, கல்லா?"ன்னா ஈச்சி.

"வாயை அடக்கு. நாளைக்குக் கெளம்பறோம். வேங்கன் எடத்துல ஒரு தோளு கொறையுதாம். நீ தோள் குடுப்பியாம். குடுத்தா உன் புருஷனைத் தூக்க ரெண்டு ஆளு தருவாராம்."

அதுவரைக்கும் பொம்பளை யாரும் கல்லுக்குத் தோள் குடுத்ததில்ல, தீட்டுன்னு சொல்லுவாங்க. ஆள் கொறைஞ்சதும் தீட்டு பறந்துபோச்சு.

அப்போ மூணாம் நாளு வந்துச்சு. தெக்க வானம் செவந்துபோச்சு. ஈச்சி முன்மூலையில தோளைக் குடுத்தா. அப்பாடி, என்ன கனம்! முதுகு வளைஞ்சு தாடை நெஞ்சுல இடிக்குது. தன் கால்விரலைத் தவிர ஒண்ணும் தெரியல. ஹும்... ஹும்... மலைச்சரிவோரமா நடக்குறாங்க. பத்தடி, இருபதடி. எப்படியோ கழுத்தைத் திருப்பிப் பாத்தா. வேங்கன் அங்கயே, அந்த மரத்தடியிலயே கிடக்கான். கையில நாலு கிழங்கு.

"எங்க அந்த ரெண்டு ஆளு?"

"நட, நட. போகப்போகப் பாத்துக்கலாம்"னான் உறுமன்.

"அவரு அங்க கிடக்காரே!"

முணுக்கன் சொன்னான், "அசையாதவர் பாத்துக்குவாரு."

ஈச்சிக்கு வயிறு எரிஞ்சுது. தேனீ கொட்டினப்போகூட அப்படி எரியல. "எல்லாரும் வெலகுங்க!"ன்னு ஒரே கத்து. தோளை உருவிட்டா.

கழி சரிஞ்சுது, மத்தவங்க தாவிக் குதிச்சாங்க. அசையாதவர் அசைஞ்சாரு. கடகட... தடதட... உருண்டு, பாதாளத்துல போய், தடாஆஆர்!

"வானம் இடிஞ்சு விழப்போகுது!"ன்னு உறுமன் தலையில கையை வச்சுக்கிட்டான். எல்லாரும் வானத்தையே பாத்தாங்க. பாத்தாங்க, பாத்தாங்க, பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு காக்கா "கா"ன்னு சொல்லிட்டுப் பறந்துபோச்சு. அப்போ இருபது வருஷமா கல்லு தூக்கின கிழவன் ஒருத்தன் கழுத்தை நிமித்தி, வாயைப் பொளந்துக்கிட்டுச் சொல்றான்: "அட! நிலா ரெண்டா!"

"கீழ போய் எடுத்துட்டு வாங்கடா!"ன்னு உறுமினான் உறுமன்.

பின்னாடி ஹோ...ன்னு சத்தம் கேக்குது. ஈச்சி சொன்னா, "காத்து வருது. கல்லு வேணுங்கறவங்க எறங்கிப் போங்க. உசுரு வேணுங்கறவங்க அந்தக் கழியை எடுத்துட்டு வாங்க."

யாரு எறங்குவா? உறுமனே எறங்கலையே! கழியில தோலைக் கட்டி, வேங்கனை அதுல போட்டு, தூக்கினாங்க பாரு, என்ன ஓட்டம்! பத்து நாள் வழி நாலு நாள்ல முடிஞ்சுது. வேங்கன் மட்டும் வழியெல்லாம் "போயிட்டாரே, போயிட்டாரே"ன்னு அழுதான். தன் காலை நசுக்கின கல்லுக்காக அழுதவன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தான்.

ஏரிக்கரையில எல்லாரும் சுகமா இருந்தாங்க. முணுக்கன் பொழப்பு மட்டும் நாறிப்போச்சு. கேக்க கல்லு இல்லையே. ஒருநாள் படுத்துக் கிடந்த வேங்கன் வயித்துல காதை வச்சான். கடமுடா, கடமுடா. "பேசறாரு! பேசறாரு! அசையாதவர் இவருக்குள்ள பூந்துட்டாரு!" அவ்வளவுதான். தேன் வந்துச்சு, கிழங்கு வந்துச்சு, கால் அமுக்க ஆள் வந்துச்சு. வேங்கனும் மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கப் பழகிட்டான்.

காலு எப்பவோ சரியாயிடுச்சு. யாரும் இல்லாதப்போ புதருக்குப் பின்னாடி போய் நாவப்பழம் பறிச்சுத் தின்னுட்டு வந்து படுத்துக்குவான். ஈச்சி அதைப் பாத்து வச்சுக்கிட்டா.

அப்புறம் திரும்பற காலம் வந்துச்சு. பதினாறு பேரு வரிசையா நின்னு "ஹும்"னு வேங்கனைத் தூக்கினாங்க. ரெண்டு ஆளுக்கு மேல எதுக்கு? யாரும் கேக்கல. வழியில காலு வீங்கின ஒரு பொண்ணை மரத்தடியில உக்கார வச்சு, நாலு கிழங்கைக் கையில குடுத்துட்டாங்க. ஈச்சி அவளைப் பாத்தா, மேல படுத்திருந்த புருஷனைப் பாத்தா. நேரா முன்மூலைக்காரன்கிட்ட போய், "கொஞ்சம் தள்ளிக்க, நான் புடிக்கிறேன்"னா. தோளைக் குடுத்தா. சரிவோரம் வந்ததும் நின்னா. மேல பாத்து மெதுவாக் கேட்டா:

"யோவ், இந்தப் பள்ளம் ஆழமா இருக்குல்ல?"

ஒரே தாவு! குடுகுடுகுடுன்னு ஓடறான் வேங்கன், ரெண்டு காலும் தரையில படாம. கூட்டமே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஈச்சி அந்தப் பொண்ணைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து, காலியா கிடந்த எடத்துல படுக்க வச்சா. "ம், தூக்குங்க"ன்னா. தூக்கிட்டாங்க.

அவங்க நடந்து போயிட்டாங்க, கதையும் அதோட போயிடுச்சு. காலை நீட்டு, கண்ணை மூடு, தூங்கு.