பன்னிரண்டாவது நாற்காலி

"சாமி, இந்த வருஷம் நன்றி அறிவிப்ப நீங்களே சொல்லிருங்க. என்னால ஆகாது."

உபதேசியார் கஸ்பார் பங்குச் சாமியார் லெயோன் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். கோயில் காரியமெல்லாம் பார்ப்பவர் அவர்தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. லெயோன் சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனசில் ஏதாவது உறுத்தினால் கஸ்பார் சாமியிடம்தான் வந்து நிற்பார்.

"என்ன ஆச்சு?"

"போன வருஷம் உயிர்ப்பு ஞாயிறு ஈஸ்டர் பூசை முடிவுல எல்லாருக்கும் நன்றி சொன்னேன். ரோசாலி பேர விட்டுட்டேன். பீடத் துணி அத்தனையும் துவைச்சுத் தேய்ச்சுத் தார பிள்ள. அன்னையிலேர்ந்து என்கூடப் பேச்சு இல்ல."

"துணி?"

"அது வாரா வாரம் வெள்ளை வெளேர்னு வந்துருது. அதான் சாமி ரொம்ப வலிக்கி."

சாமி வாசற்படி இறங்கி அவர் பக்கத்தில் வந்தார்.

"நன்றி அறிவிப்பே வேண்டாம். பெரிய வியாழன், ஏசு சீடங்க காலக் கழுவின மாதிரி பாதம் கழுவ, ஊர்ப் பெரியவங்க பன்னிரண்டு பேரத்தான உக்கார வைப்போம்? இந்தத் தடவ வேலை செய்றவங்கள உக்கார வைங்க. யாரும் விட்டுப்போகக் கூடாது."

கஸ்பார் முதலில் ரோசாலி வீட்டுக்குப் போனார்.

"இப்பவாவது ஞாபகம் வந்துச்சே அண்ணே" என்றாள். ஆனால் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள். கஸ்பாருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

பிறகு குருத்தோலை வெட்டிக் கொடுத்த அந்தோணிமுத்து. பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சும் மரிய செல்வம். கடலில் மீன்பாடு இருக்கிற நாளிலும் வலையைக் கரையிலேயே போட்டுவிட்டுப் பாட்டுப் பழக வருகிற பாடகர் குழு. கேட்டால் ஒருவரும் தாங்கள் பெரிதாக எதுவும் செய்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட ஜனம். கஸ்பாருக்கு அவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடும்.

"சாமி, எப்படிப் பாத்தாலும் பதினோரு பேர்தான் தேறுது."

"நாற்காலி பன்னிரண்டு போடுங்க."

"கடைசி ஆளு யாரு?"

"வருவார்."

அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை யாராவது அழுக்காகக் காட்டுவார்களா? வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டுதான் வருவார்கள். அந்த வியாழன் மாலையும் பதினோரு பேர் பளபளவென்ற கால்களோடு வந்து உட்கார்ந்தார்கள். கோயிலே மணத்தது.

பன்னிரண்டாவது நாற்காலி காலியாகவே இருந்தது.

லெயோன் சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டார். கஸ்பார் தண்ணீர்ச் செம்போடு கூடவே நகர்ந்தார். அவர் கண் மட்டும் அந்தக் காலி நாற்காலியிலேயே இருந்தது. இந்த வருஷமும் யாரையோ விட்டாச்சு. யாரை? மைக் கட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிறான். பூ வைக்கிறவளும் இருக்கிறாள்.

பதினோராவது ஆளும் முடிந்தது. சாமி நகர்ந்துபோய் காலி நாற்காலி முன்னால் மண்டியிட்டார்.

அப்படியே இருந்தார்.

"சாமி," கஸ்பார் குனிந்து கிசுகிசுத்தார், "ஆளு வரல."

சாமி எழவில்லை.

அப்போது வரிசையிலிருந்து ரோசாலியின் குரல் கேட்டது.

"செம்பக் கீழ வச்சிட்டு உக்காருங்க உபதேசியார் அண்ணே! சாமிக்கு முட்டு வலிக்கப் போவுது."

கஸ்பாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கண்ணை மறைத்துக்கொண்டு நீர் வந்தது. தட்டுத்தடுமாறி உட்கார்ந்தவர் கீழே பார்த்துப் பதறிப்போனார். காலையிலிருந்து பெஞ்சு சுமந்து, பந்தலுக்குக் குழி தோண்டி, ஒட்டடை அடித்த கால். விரலிடுக்கெல்லாம் மணலும் மெழுகும். வீட்டுக்குப் போக நேரம் எங்கே இருந்தது?

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ சாமி, வேண்டாம். நான் கழுவிட்டு வரலையே!"

சாமி இரண்டு கையாலும் அந்தக் கால்களை வெளியே எடுத்தார்.

"அவங்க காலை நான் நனைக்கத்தான் செஞ்சேன் உபதேசியாரே. இப்பத்தான் கழுவப் போறேன்."