தூக்கிய கை ஆறு

என் பெண்டாட்டிக்கு மூன்று தம்பிகள்: கொம்பையா, தளவாய், உச்சிமாகாளி. மூன்று தலையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டு மூளை தேறாது. மகள் பிரசவத்துக்குப் போனவள், இவர்களைத்தான் எனக்குக் காவலாக விட்டுப் போனாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற என் நெஞ்சில் ஒரு டியூப் போட்டிருந்தார்கள். காறை எலும்புக்குக் கீழே நுழைந்து, பெரிய ரத்தக்குழாய் வழியாக இருதயத்துப் பக்கம்வரை போகுமாம். நர்ஸம்மா மூவரையும் நிறுத்திச் சொன்னார்:

"சோப்புப் போட்டுக் கை கழுவாம டியூப்பைத் தொடாதீங்க. கழுவின கையால வேற எதையும் தொடாதீங்க. பிளாஸ்திரி பிரிஞ்சா உடனே இங்க வந்துருங்க. கிருமி உள்ள போனா ரத்தத்துல கலந்துரும், உயிருக்கே ஆபத்து."

மூவரும் தலையாட்டினார்கள். தலை அவர்களுக்கு அதற்கு மட்டும்தான் இருக்கிறது.

நாலாம் நாள் காலை பிளாஸ்திரி ஓரத்தில் பிரிந்துவிட்டது. அவர்கள் கை கழுவ ஓடினார்கள். பைப்பை மூடிய கொம்பையா அலறினான்.

"ஏலே, பைப்பைத் தொட்டுட்டேனே!"

"திரும்பக் கழுவுண்ணே."

"கழுவிட்டு யாருல மூடுவா?"

அரைமணி நேரம் யோசித்தார்கள்.

"மூடவே வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னான் உச்சிமாகாளி.

தண்ணீர் தெருவரை ஓடியது. ஆறு கையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கதவு தாழிட்டிருந்தது.

"அத்தான், தாழை எடுங்க. எங்க கை சுத்தம்."

எடுத்தேன்.

"போச்சு! அத்தான் கை அழுக்காயிட்டு. இவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"இவரு இங்கயே இருக்கட்டும். நாம போய்ச் சொல்லிட்டு வருவோம்."

ஆட்டோவைத் தொடக்கூடாதென்று கை தூக்கியபடி நடந்தே போனார்கள். நான் பஸ் ஏறிப் போய், பிளாஸ்திரி மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் வந்து சேர்ந்தார்கள்.

"நர்ஸம்மா, அத்தானுக்குப் பிளாஸ்திரி பிரிஞ்சிட்டு!"

"அவருதான் இங்க இருக்காரே."

என்னைப் பார்த்த தளவாய்க்கு முகம் வெளுத்தது.

"அத்தான், நீங்க இங்க வந்துட்டா, வீட்டுல அத்தானை யாரு பாத்துக்கிடுதது?"

மூவரும் தூக்கிய கையோடு வீட்டுக்கு ஓடினார்கள்.

சாயங்காலம் நான் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"திறங்கல, எருமைகளா!"

"தாழைப் போட்டுட்டுத்தான் கை கழுவினோம், அத்தான். இனி தொடக்கூடாது" என்றான் கொம்பையா உள்ளேயிருந்து. "கொஞ்சம் பொறுங்க. அத்தான் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. வந்ததும் திறக்கச் சொல்லுதோம்."