முக்கால் தொட்டி காற்று

மலைமேல் இருந்த மடத்துக்கு ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. மலையில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அது ஒன்றுதான் கதி. அதன் சாவி எப்போதும் தணிகாசலத்தின் இடுப்பில் இருக்கும்.

தணிகாசலம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் ஞானம் தேடி மலையேறியவர். மடத்தின் தலைவியான அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அவர் இவரை ‘ஐயா’ என்பார், இவர் அவரை ‘அம்மா’ என்பார். புதிதாக வருகிறவர்கள் முதலில் தணிகாசலத்தின் காலில் விழுந்துவிட்டு, பிறகு அசடு வழிவார்கள்.

வேனை அவர் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார். தார்ப்பாய் போட்டு மூடினார். விறகு, அரிசி, விருந்தாளி எதையும் ஏற்ற விடமாட்டார். தன்னையும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பிள்ளைகளின் சத்தம் தியானத்தைக் கெடுக்கிறது என்று அறையின் ஜன்னலை அடைத்துவிட்டார். அப்படியும் மனம் நிற்கவில்லை. அம்மையிடம் இரண்டு முறை மந்திரத்தை மாற்றி வாங்கியாயிற்று.

மழைக்காலம் வந்தது. பக்கத்துக் குடியிருப்பில் குப்பாயி என்று ஒருத்தி. மூடுபனி இறங்கினால் அவளுக்கு மூச்சு முட்டும். ஒருநாள் மாலை ரொம்பவும் முற்றிவிட்டது. தணிகாசலம் தார்ப்பாயை உருவிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது வளைவில் வேன் இருமியது, குலுங்கியது, நின்றே போனது.

அவளைக் கயிற்றுக் கட்டிலில் சுமந்துதான் இறக்கினார்கள். பிழைத்தது அவள் செய்த புண்ணியம். வேனை ஆட்கள் கூடி மடம்வரை தள்ளி ஏற்றினார்கள்.

திரும்பி வந்த குப்பாயி ஒரு கட்டுக் கீரையோடு மடத்துக்கு வந்தாள். “அதுக்கென்னங்க, வண்டின்னா நிக்கத்தான் செய்யும்” என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தணிகாசலத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டவுனுக்குப் போய் மெக்கானிக்கைக் கேட்டார். கடையைக் கேட்டார். மூன்று பாட்டில்களோடு வந்தார். மூன்றும் பெட்ரோலில் ஊற்றுகிற மருந்து. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. மூன்றிலும் பாய்ந்து ஓடுகிற குதிரைப் படம்.

அம்மை வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, இதுல எது சரியான மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனசும் சரியில்லைங்க. மந்திரத்தையும் ஒரு தடவை மாத்திக் கொடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்.”

“மந்திரம் இருக்கட்டும். முதல்ல வேனுக்கு என்ன நோயின்னு பாப்போம். உள்ளே இருக்கிறதைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க.”

தொட்டியின் அடியிலிருந்து பெட்ரோலை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து வந்தார். அம்மை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மேலே ஒண்ணு, கீழே ஒண்ணா நிக்குதே?”

“கீழே நிக்கிறது தண்ணியும் சாராயமும்ங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க. அதுவும் சாராயந்தான். தண்ணியைக் கண்டா உறிஞ்சி வெச்சுக்கும். கொஞ்சமா இருக்கிற வரைக்கும் வெளியே தெரியாது. அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து அடியில இறங்கிடும். இன்ஜின் அடியிலிருந்துதானே குடிக்குது?”

“அட!” அம்மை சீசாவைக் குலுக்கினார். கலங்கியது. மொச்சைத் தோலை ஒதுக்கிவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

“மருந்தை ஊத்திப் பாருங்களேன்.”

மூன்று டம்ளர்களில் பிரித்து, மூன்று மருந்தையும் விட்டுக் கலக்கினார். சிவப்பு மருந்து விட்டது சிவந்தது. நீலம் விட்டது நீலமானது. பிரிந்தது பிரிந்தபடிதான் இருந்தது.

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலின் பொடி எழுத்தைப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“பிரியறதுக்கு முன்னாடியே ஊத்தணும்னு போட்டிருக்குங்க.”

“பிரிஞ்ச பிறகு?”

“கீழே வடிச்சுடறதைத் தவிர வழியில்லைங்க.”

“வடிச்சிடலாம். அது சரி, தண்ணியை யாரு ஊத்துனது?”

“யாரும் ஊத்தலைங்க. மூடி ரப்பர் ஊறி வெடிச்சிருக்கு. அதுவழியா பனி இறங்கியிருக்கும். தொட்டிக்குள்ள இருந்த காத்துலயும் ஈரம்.”

“தொட்டிக்குள்ள பெட்ரோல்தானே இருக்கும்?”

“கால் தொட்டிதாங்க பெட்ரோல். முக்கால் தொட்டி காத்து.”

“ஏன்?”

தணிகாசலம் டம்ளர்களை வரிசையாக நகர்த்தி வைத்தார்.

“நிறைய ஊத்தி வெச்சா, யாராவது அவசரம்னு எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு…”

அம்மை சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மடியிலிருந்த மொச்சை சிதறியது. தணிகாசலமும் கூடவே சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

“சரிங்க ஐயா. புது ரப்பர் போட்டு, தொட்டி நிறைய ஊத்திட்டா?”

“இந்த மஞ்சள் மருந்து உதவும்ங்க. துரு பிடிக்க விடாது. பெட்ரோல் கெடறதையும் தள்ளிப் போடும்.”

“எத்தனை நாளைக்கு?”

“சில மாசத்துக்குத் தாங்கும்.”

“அப்புறம்?”

“ஊத்தினது தீராம நின்னா மறுபடியும் கெட்டுடும்ங்க.”

அம்மை கையை நீட்டினார்.

“சாவியைக் கொடுங்க.”

மெக்கானிக் வந்து தொட்டியையும் குழாய்களையும் சுத்தம் செய்துவிட்டுப் போனான். அதற்கு மறுநாளிலிருந்து அம்மையே வேனை எடுத்தார். மடத்துக்கு வரும் முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் அவர் வண்டியைத் திருப்பிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரிந்துபோயிற்று. காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றினார். மதியம் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றினார். ஒருமுறை ஒரு ஆட்டைக்கூட ஏற்றினார்.

தணிகாசலம் குறுக்கே வந்து நின்றார்.

“அம்மா, இது உயிருக்குன்னு வெச்சிருக்கிற வண்டிங்க!”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு, அம்மை ஆட்டை இறக்கினார்.

தணிகாசலம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மந்திரம் ஓடவில்லை. வேன் இப்போது எந்த வளைவில் நிற்குமோ என்பதுதான் ஓடியது.

மழை விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் மதியமே பனி இறங்கி, எதிரில் இருந்த மரம் மறைந்தது. குப்பாயியின் புருஷன் சடையன் ஓடி வந்தான். “மூச்சு இழுக்குதுங்க. உதடு நீலம் பாஞ்சு போச்சு.”

தணிகாசலம் வாசலுக்குப் பாய்ந்தார். வேன் நின்றிருந்தது. சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. உள்ளே பலாப்பழ வாசனை, தரையில் ஆட்டுப் புழுக்கை. அம்மை சாவியை அவர் கையில் வைத்தார். சாவியைத் திருகியதுதான் தாமதம், இன்ஜின் பிடித்துக்கொண்டது. குடியிருப்பில் குப்பாயியை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார்.

இரண்டாவது வளைவு வந்தது. தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பின்னால் குப்பாயி மூச்சுக்குப் போராடினாள். வளைவு கடந்தது.

அடிவாரத்தில் அவளுக்கு முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியதும் அவள் தணிகாசலத்தைத் தேடினாள்.

“இன்னிக்கு நிக்கலைங்களா?” என்றாள்.

அவர் வெளியே வந்து, வேனின் பக்கத்தில் நின்று அழுதார்.

மடத்துக்குத் திரும்பியபோது அம்மை அடுப்பங்கரையில் இருந்தார். தணிகாசலம் சாவியை எடுத்து அவர் முன் வைத்தார். மஞ்சள் பாட்டிலையும் வைத்தார்.

“இதை மழைக்காலத்துக்கு வெச்சுக்கலாம்ங்க.”

“வெச்சுக்கலாம்.”

“வழி முழுக்க மந்திரம் ஞாபகத்துக்கே வரலைங்கம்மா. ஆனா மனசு ஒரு இடத்துக்கும் போகலை. அவ மூச்சுச் சத்தத்தோடயே இருந்துச்சு. அன்னிக்கு மந்திரம் இருக்கட்டும்னீங்க. இப்பவாவது மாத்திக் கொடுங்க.”

அம்மை பாட்டிலை மாடத்தில் வைத்தார். சாவியை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“காலையில ஆலமரத்துக்கிட்ட பிள்ளைங்க நிக்கும், ஏத்திக்குங்க. மல்லிகான்னு ஒரு குட்டி, வளைவுல வாந்தி எடுப்பா. அவளை உங்க பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. ஜன்னலை மட்டும் மூடிடாதீங்க, ஐயா.”