வெளியே தொங்கிய பூட்டு

ஒரு தெருவில் ஒரு பூட்டு இருந்தது. ஏழு லீவர் வைத்த கனத்த பித்தளைப் பூட்டு. தன்னைத் தாண்டி ஒரு எறும்புகூடப் போகாது என்று அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தப் பூட்டுக்குச் சொந்தக்காரி கலாமணி. அந்தத் தெருவுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா நாச்சிமுத்து முப்பது வருஷம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. மில்லை மூடி எத்தனையோ காலமாகியும், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். முன்பு குடியிருந்த இடத்தில் இரண்டு முறை காணாமல் போய், தேடித் தேடிக் கூட்டிவந்தார்கள். அதனால் கலாமணி வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பெற்ற அப்பனைப் பூட்டி வைக்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே! அந்தப் பயத்தில் தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பூட்டிடம் மட்டும் தினமும் ஒரு வார்த்தை சொல்வாள். "உன்ன நம்பித்தான் போறேன். அப்பாவை வெளிய விட்றாத."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ போ கண்ணு" என்று பூட்டு சொல்லும். அவளுக்குக் கேட்காது. ஆனாலும் சொல்லும்.

பத்து மணியானால் கிழவர் கதவைத் தட்டுவார். தெம்பில்லாத கை. தெருவரைக்கும் சத்தம் வராது.

"ஷிப்டுக்கு நேரமாச்சு. கதவைத் தெறங்க சாமி."

"பாவம்ப்பா, கை வலிக்கத் தட்டறாரு" என்று கதவு உருகும்.

"தட்டிட்டுப் போகட்டும். தட்டினவுடனே தெறக்கறதுக்கு நான் என்ன கொக்கியா?" என்று பூட்டு சிரிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை. கலாமணி சாமி விளக்கேற்றிக் கும்பிட்டாள். விளக்கை வாயால் ஊதக் கூடாது, பூவால்தான் குளிர வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து வீட்டில் ஒரு பூ இல்லை. பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. எண்ணெய் தீர்ந்தால் தானே மலையேறிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டாள். அப்பாவுக்கு வேர்க்குமே என்று மின்விசிறியைச் சுழலவிட்டு, பூட்டிக்கொண்டு ஓடினாள்.

மின்விசிறிக் காற்றில் சாமி அலமாரியின் திரை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு முறை விளக்கின் மேல் சாய்ந்தது. அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் கதவில் தட்டல் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றது பூட்டு.

"இல்லப்பா, இது வேற" என்றது கதவு. "எனக்கு முதுகு சுடுது. உள்ள தீ!"

கதவு தீயைக் கெஞ்சியது. "ஐயா, இங்க ஒரு வயசான மனுசன் நிக்கறாரு. கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கத் தெரிஞ்சா நான் எதுக்குத் தீயா இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, தீ கட்டில் பக்கம் நகர்ந்தது.

ஜன்னலில் புகை கிளம்பியதும் தெரு திரண்டுவிட்டது. எதிர்வீட்டுத் தங்கவேல் கடப்பாரையோடு ஓடி வந்தார். பூட்டுக்கு உயிர் வந்தது.

"உடைங்க! என்னை உடைச்சுப் போடுங்க!" என்று அலறியது. பிறந்ததிலிருந்து அது யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

பக்கத்து வீட்டு அம்சவேணி குறுக்கே வந்தாள். "அண்ணா, பூட்டு தொங்குதே, பாக்கலீங்களா? காலைல அந்தப் புள்ள பூட்டிட்டுப் போனத நானே பாத்தனுங்க. உள்ள ஆருமில்லீங்க."

தங்கவேலின் கை தயங்கியது. "அப்படீன்னா வேண்டாம். ஊரான் வூட்டுப் பூட்டை உடைச்சுட்டு, நாளைக்கு நகையைக் காணோம்னா ஆரு பதில் சொல்றது?" கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

அவர்களும் நல்ல மனிதர்கள்தான். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஜன்னல் வழியாக வீசினார்கள். அக்கம்பக்கத்து கேஸ் சிலிண்டர்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தார்கள், வீட்டை வாடகைக்கு விட்டவரைப் பிடித்துக் கலாமணிக்கும் தகவல் சொன்னார்கள். பூட்டு கத்தியது மட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை. அது தொங்குவதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

தெருவின் கூச்சலில் யாருக்கும் கேட்காத அந்தத் தட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது.

"நின்னு போச்சு" என்றது கதவு.

பூட்டின் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ஆனால் அதுகூட வெடிக்கவில்லை. அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே, தீ அடங்கும் நேரத்தில் கலாமணி ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அம்சவேணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுகாத கண்ணு. சாமான் போனா வாங்கிக்கலாம். நல்லவேளை, உசுருக்கு ஒண்ணும் ஆகலையே."

"அக்கா, எங்கப்பா உள்ள இருக்காருக்கா."

தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொதிக்கிற பூட்டைப் பிடித்து அவள் சாவியைப் போட்டாள். உள்ளங்கை பொரிந்தது. அவள் விடவில்லை. ஒரே திருப்பில் பூட்டு திறந்துகொண்டது. கதவுக்கு நேர் பின்னால் நாச்சிமுத்து கிடந்தார்.

உலகத்தில் எத்தனையோ விதமான பூட்டுகள் செய்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த பூட்டை மட்டும் இன்னும் யாரும் செய்யவில்லை.