கோகுலவர்தன் கார் பறந்த கதை

கோயம்புத்தூர் கணபதியில் மெக்கானிக் பட்டீஸ்வரன் ஸ்பேனரைக் கையில் எடுத்த நேரம், கார் கிளப் தலைவர் கோகுலவர்தன் நாலைந்து சிநேகிதர்களோடு வந்து இறங்கினார். கையில் பளபளவென்று, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் ஒரு ஏர் இன்டேக். சிவப்புக் குழாய், நுனியில் கூம்பு ஃபில்டர்.

"கம்பெனி ஃபில்டர் டப்பாவைக் கழட்டிட்டு இதை மாட்டு. வண்டி பறக்கணும். பறக்கலைன்னா எங்க கிளப் வண்டி ஒண்ணுகூட இந்தப் பக்கம் வராது."

அந்த வண்டிகள் வராவிட்டால் பட்டீஸ்வரனுக்கு வேலையே இல்லை. இருந்தாலும் சொல்லிப் பார்த்தான்.

"இது எஞ்சின் சூட்டுக் காத்தைத்தானுங்க இழுக்கும். பிக்கப் குறைஞ்சு போகுமுங்க."

"எனக்கே பாடம் எடுக்கறயா? மாட்டுடா!"

மாட்டினான். ஒரு சுற்றுப் போய் வந்தவர் எரிந்து விழுந்தார்.

"வண்டி மூச்சு வாங்குது. உனக்கு மாட்டத் தெரியலை!"

"பத்து நிமிஷம் குடுங்க. சரியானதா மாட்டித் தர்றேனுங்க."

சிநேகிதர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. கோகுலவர்தன் சத்தி ரோட்டில் சீறிப் போய்த் திரும்பினார். இறங்கும்போதே கத்தினார்.

"பாத்தீங்களாடா, என் இன்டேக் என்னமா வேலை செய்யுது! பறந்துட்டு வர்றேன்!"

அதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு சிநேகிதர் பானெட்டைத் தூக்கினார். உள்ளே அதே பழைய கம்பெனி டப்பா.

பட்டீஸ்வரன் மேசைக்கு அடியிலிருந்து சிவப்புக் குழாயை எடுத்தான். துணியால் துடைத்து, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினான்.

"நல்லாத்தான் பறந்தீங்க. ரெக்கையை இங்கேயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களே!"